மிச்சப் பொன்: விக்டோரியாக் காடுகளில் தங்கம் தேடுவோர்

1869 பிப்ரவரி 5. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மோலியாகல் என்ற சிற்றூரை அடுத்த ஒரு சரிவில், ஜான் டீசன் என்ற தொழிலாளி மரத்தின் வேரடியைக் குந்தாலியால் கொத்திக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். குந்தாலி எதிலோ மோதி நின்றது. வேரோ கல்லோ என்று மண்ணை விலக்கிப் பார்த்தவருக்குக் கிடைத்தது, இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பெரிய தங்கக் கட்டி. கூட்டாளி ரிச்சர்ட் ஓட்ஸுடன் அதை டனோலி ஊர் வங்கிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த தராசில் அது அடங்கவில்லை. கொல்லர் பட்டறைக்கு எடுத்துச் சென்று, அடைகல்லின் மேல் வைத்து உடைத்துத் துண்டு துண்டாக நிறுத்தார்கள். உருக்கித் தேறிய தங்கம் 72 கிலோ. நம் கணக்கில் ஏறத்தாழ 9,000 சவரன். ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது. உடைப்பதற்கு முன் யாரும் அதைப் படம் பிடிக்கவில்லை. பிறகு நினைவிலிருந்து வரைந்த ஓர் ஓவியத்தைக் கொண்டுதான் அதன் உருவத்தை இன்று அறிகிறோம்.

அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை கிங்கோவர். 1980 செப்டம்பர் 26 அன்று அந்த ஊருக்கு அருகே கெவின் ஹிலியர் என்பவர் மெட்டல் டிடெக்டரை ஆட்டியபடி நடந்தபோது கருவி உரக்கக் கூவியது. முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில், நிமிர்த்தி வைத்த உள்ளங்கைபோல் 27.2 கிலோ கட்டி ஒன்று நின்றது. ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ என்று பெயர் பெற்ற அதை லாஸ் வேகாஸின் ‘கோல்டன் நகெட்’ சூதாட்ட விடுதி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 2013 ஜனவரியில் பல்லராட் பக்கம் 5.5 கிலோ கட்டி ஒன்று வெளிப்பட்டது. 2023-இல் ஒருவர் 4.6 கிலோ எடையுள்ள பாறைத் துண்டு ஒன்றை விற்கக் கொண்டுவந்தார், அதனுள் 2.6 கிலோ தங்கம் இருந்தது. அவர் கையில் இருந்தது அந்த வகையில் விலை குறைந்த கருவிதான்.

இவர்கள் யாரும் சுரங்க நிறுவனம் நடத்தியவர்கள் அல்லர். பிந்தைய மூவரும் வார இறுதியில் மீன் பிடிக்கப் போவதுபோல் தங்கம் தேடப் போகிற ஆயிரக்கணக்கானோரில் மூவர். டனோலி, டார்னகுல்லா, வெடர்பர்ன், இங்கிள்வுட், மேரிபரோ என்று ஊர்கள் சிதறிக் கிடக்கும் அந்தப் பகுதியைப் ‘பொன் முக்கோணம்’ என்று அழைக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிய கட்டிகள் இவ்வளவு மேலாக, இத்தனை எண்ணிக்கையில் கிடைத்ததில்லை. ஆனால் அதே மண்ணை 1850-களில் லட்சக்கணக்கானோர் புரட்டிப் போட்டுவிட்டார்கள். அப்படியிருந்தும் எப்படி மிஞ்சியது? இந்தப் பொழுதுபோக்கைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே வாசல்.

1851-இல் கிளூன்ஸிலும் பல்லராட்டிலும் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் கேசில்மேன், பெண்டிகோ வரை தங்கம் வெளிப்பட்டது. அப்போது விக்டோரியாவின் மக்கள்தொகை சுமார் 77,000. பத்தே ஆண்டில் அது ஐந்து லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பாலோர் மாலுமிகள், எழுத்தர்கள், பண்ணைக் கூலிகள்; மண் வேலையே அறியாதவர்கள். ஒருவருக்குக் கிடைத்த நிலம் சில அடிச் சதுரம். அதில் கிணறுபோல் இறங்கி, பழைய ஓடைப் படுகையின் அடிக்களிமண்ணைத் தொட்டு, அதன்மேல் படிந்திருக்கும் சரளையை மட்டும் எடுத்து அலசினார்கள். மேலே தோண்டிக் கொட்டிய மண்ணில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. குழிக்கும் குழிக்கும் இடையே தோண்டாத மண்சுவர் நின்றது. களிமண் உருண்டைக்குள் ஒட்டிக்கொண்ட கட்டியைச் சல்லடை ‘பெரிய கல்’ என்று வெளியே தள்ளியது. கோடையில் ஓடை வறண்டால் அலசத் தண்ணீர் இல்லை. அடுத்த பள்ளத்தாக்கில் பொன் கிடைத்ததாம் என்று ஒரு செய்தி வந்தால் போதும், ஒரே இரவில் கூடாரங்கள் காலியாகிவிடும். அவசரத்தில் அள்ளியவர்கள் அவர்கள். மிச்சம் விழாமல் எப்படி இருக்கும்?

அந்த மிச்சத்தை முதலில் மதித்தவர்கள் சீனர்கள். தென் சீனத்திலிருந்து வந்த அவர்கள், ஐரோப்பியர் பயனில்லை என்று விட்டுப்போன மண்மேடுகளைக் கூட்டமாக நின்று பொறுமையோடு மீண்டும் அலசினார்கள். தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவருவதில் தேர்ந்தவர்கள். அதற்குக் கிடைத்த கைம்மாறு வரியும் அடியும்தான். 1855-இல் கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்துப் பவுண்டு தலைவரி விதித்தது விக்டோரியா அரசு. அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கானோர் பக்கத்து மாநிலத்தின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். 1857-இல் பக்லண்ட் ஆற்றங்கரையில் அவர்களுடைய குடியிருப்பை ஐரோப்பியச் சுரங்கத் தொழிலாளர்கள் தாக்கி விரட்டினார்கள். ஆஸ்திரேலியத் தங்கக் கதையைப் பெருமையோடு சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இன்றைய பொழுதுபோக்குத் தேடலின் உண்மையான முன்னோடிகள் அந்த மண்மேட்டுச் சீனர்களே.

1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் மறுபடியும் அந்தக் காடுகளுக்கு வந்தார்கள். 1970-களின் இறுதியில் இன்னோர் அலை. தங்கத்தின் விலைக்கு இருந்த கட்டு 1971-க்குப் பின் அவிழ்ந்து, 1980 ஜனவரியில் அவுன்சு 850 டாலரைத் தொட்டது. அதே நேரத்தில் தோளில் தொங்கவிட்டு நடக்கக்கூடிய கருவிகள் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு வந்தன. கிங்கோவர்க் கட்டி அந்த அலையில் வந்ததுதான்.

மிச்சத்துக்கு இன்னொரு காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மத்திய விக்டோரியாவின் அடிப்பாறை, ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலில் படிந்த மணலும் சேறும் இறுகி ஆனது. நிலத்தட்டுகளின் நெருக்கலில் அது மடிப்பு மடிப்பாக மடிந்து எழுந்தது. மடிப்புகளின் வெடிப்புகளில் சூடான நீர் ஏறி, வெங்கச்சங்கல் எனும் குவார்ட்ஸையும் தங்கத்தையும் விட்டுச் சென்றது. ஆனால் சூடான நீரில் தங்கம் மிக மிகச் சிறிதளவே கரையும். அப்படியானால் 70 கிலோ ஒரே இடத்தில் சேர்வது எப்படி? 2024-இல் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். வெங்கச்சங்கல் நசுங்கினால் மின்னழுத்தம் உண்டாகும். கைக்கடிகாரத்திலும் அடுப்புப் பற்றவைப்பானிலும் பயன்படுவது இதே பண்பு. நிலநடுக்கத்தின்போது படிகம் அதிரும். அந்த மின்னழுத்தத்தால் நீரிலுள்ள தங்கம் பிரிந்து படியும். படிகம் மின்சாரத்தைக் கடத்தாது, தங்கம் கடத்தும். ஆகவே அடுத்த நிலநடுக்கத்தில் வரும் தங்கமும் ஏற்கெனவே படிந்த தங்கத்தின் மேலேயே போய் ஒட்டும். ஆயிரக்கணக்கான அதிர்வுகளில் சிறு துகள் கட்டியாக வளரும். ஆய்வகத்தில் படிகத்தை அதிர வைத்து அவர்கள் இதைச் செய்தும் காட்டினார்கள். பூமி ஒவ்வொரு முறை நடுங்கியபோதும் ஒரு படலம் பொன் ஏறியது என்பதை நினைத்துப் பார்க்கையில், அந்தக் கட்டிகளை வெறும் விலையாகப் பார்க்க மனம் வரவில்லை.

பிறகு மலைகள் தேய்ந்தன. வெங்கச்சங்கல் உடைந்து உருண்டது. உள்ளிருந்த தங்கம் விடுபட்டுச் சரிவுகளில் மெல்ல இறங்கியது. இங்கேதான் எடை வேலை செய்கிறது. தண்ணீரைப்போல் 19 மடங்குக்கு மேல் கனமானது தங்கம். வெங்கச்சங்கல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். வெள்ளம் கல்லைத் தூக்கிச் செல்லும்போது பொன் அடியில் தங்கிவிடும். தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: கொழித்தல். முறத்தில் அரிசியையும் நொய்யையும் பிரிக்கிற அதே அசைவு. ஓடைக்கரையில் தட்டை வைத்துக்கொண்டு மணலைச் சுழற்றுகிறவர் செய்வதும் கொழித்தலே. மேலே இருக்கும் இலகுவான மணல் தண்ணீரோடு வழிந்துபோக, கடைசியில் கரிய இரும்பு மணல் ஒரு பிறையாக நிற்கும்; அதன் ஓரத்தில் மஞ்சள் புள்ளி. அதன் நிறம் வெயிலிலும் நிழலிலும் மாறாது. மினுக்குக் காட்டி ஏமாற்றும் அபிரகமும் இரும்புச் சல்பைடும் கோணத்துக்குக் கோணம் மாறும்.

ஆனால் பெரிய கட்டிகள் ஓடைவரை வருவதில்லை. கனமானவை ஆதலால் தாய்ப்பாறைக்கு அருகிலேயே, தண்ணீர் இல்லாத மேட்டுச் சரிவுகளில் தங்கிவிடுகின்றன. தண்ணீர் இல்லாத இடத்தை 1850-களின் தொழிலாளி வெறுத்தார். இன்றைய தேடலாளருக்கு அதுவே பிடித்த இடம்; கருவிக்குத் தண்ணீர் வேண்டியதில்லை.

அந்தக் கருவியின் கதை ஒரு மரணப் படுக்கையில் தொடங்குகிறது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டு, உடலுக்குள் குண்டோடு கிடந்தார். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், குண்டு எங்கே என்று கண்டறிய இரண்டு கம்பிச் சுருள்களால் ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே சோதிக்க அனுமதித்தார். குண்டு இடப்பக்கம் இருந்தது. படுக்கையின் உலோகக் கம்பிகளும் குழப்பத்தைக் கூட்டின. அதிபர் பிழைக்கவில்லை. கருவியின் அடிப்படை பிழைத்தது. ஒரு சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தை ஓட்டினால் அது மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். இன்னொரு சுருள் அதைக் கேட்டுச் சொல்லும். கடற்கரையில் நாணயம் தேடவும், போர்க்களத்தில் கண்ணிவெடி தேடவும் இதுவே போதுமானதாக இருந்தது.

பொன் முக்கோணத்தில் போதவில்லை. அங்கே மண்ணே சிவப்பு; இரும்புத் தாது நிறைந்தது. கருவிக்கு அந்த மண் முழுவதுமே உலோகமாகக் கேட்டது. இதற்கு விடை ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தது. அடிலெய்டின் மைன்லேப் நிறுவனத்தில் புரூஸ் கேண்டி என்ற இயற்பியலாளர் துடிப்பு முறையில் இயங்கும் கருவியை உருவாக்கினார். 1995-இல் எஸ்டி 2000 என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. சுருளில் ஒரு கணம் மின்சாரத்தைச் செலுத்தி, சட்டென்று நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பிறகு, மைக்ரோ வினாடிக் கணக்கில், மண்ணிலிருந்து வரும் எதிரொலி ஒருவிதமாகத் தேயும். உலோகத்திலிருந்து வருவது வேறுவிதமாகத் தேயும். நீளம் வேறுபட்ட துடிப்புகளை மாற்றி மாற்றி அனுப்பி, இரண்டையும் ஒப்பிட்டு, மண்ணின் குரலைக் கழித்துவிடலாம். கோயில் மணியையும் மண்சட்டியையும் தட்டினால் எது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கேட்டுப் பிரிப்பதைப் போன்றது இது. அதுவரை முழுக்கத் தேடி முடித்ததாக எண்ணிய பள்ளங்களெல்லாம் இந்தக் கருவி வந்ததும் புதிய நிலமாகிவிட்டன. இன்று உயர் வகைக் கருவி ஒன்றின் விலை பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தொடுகிறது.

இருந்தும் கருவி கடைசிப் படிதான். முதல் வேலை வீட்டில், வரைபடத்தோடு. விக்டோரியாவின் நிலவியல் துறை ஒன்றரை நூற்றாண்டுக் காலச் சுரங்கப் பதிவுகளையும் பாறை வரைபடங்களையும் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. எந்தச் சரிவில் பழைய குழிகள், எங்கே வெங்கச்சங்கல் நாளம் தலைகாட்டுகிறது, அதற்குக் கீழே தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்திருக்கும் என்று யோசித்துவிட்டே கிளம்புகிறார்கள். காட்டுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு வேலை: பழைய மண்மேடுகள் எங்கே முடிகின்றன, ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் காது. ஹெட்போனில் ஒரு மெல்லிய ரீங்காரம் அறாமல் ஓடிக்கொண்டிருக்கும். சுருளைத் தரையோடு ஒட்டி, ஒரு வீச்சின்மேல் அடுத்த வீச்சு பாதி படும்படி, நிலம் உழுவதுபோல் மெதுவாக ஆட்ட வேண்டும். ஆழத்தில் கிடக்கும் தங்கம் கூவாது. அந்த ரீங்காரம் ஒரு கணம் தடுமாறும், அவ்வளவுதான். அந்தத் தடுமாற்றத்தைப் பிடிக்கப் பழகச் சிலருக்கு வருடங்கள் ஆகின்றன.

தோண்டினால் பெரும்பாலும் வருவது ஆணி. லாட ஆணி, பூட்ஸ் ஆணி, துப்பாக்கிக் குண்டு, ஈய ரவை, தகர டப்பாவின் துருப்பிடித்த ஓரம். 1850-களின் கூடார நகரம் முழுவதும் துருவாகி அந்த மண்ணில் கிடக்கிறது. இரும்பை மட்டும் விலக்கிக் காட்டும் வசதி கருவிகளில் உண்டு. ஆனால் ஆழத்தில் அது தவறும். ஈயமும் அலுமினியமும் தங்கத்தைப் போலவே ஒலிக்கும். ஆகவே தேர்ந்தவர்கள் ஒலித்ததை எல்லாம் தோண்டுகிறார்கள். குந்தாலியின் தலையில் ஒரு காந்தம் பதித்திருப்பார்கள்; மண்ணில் தடவினால் ஆணி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒட்டாவிட்டால் நெஞ்சு வேகமாக அடிக்கத் தொடங்கும். தோண்டிய மண்ணை பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, சுருளின்மேல் ஆட்டி, ஒலித்தால் பாதியைக் கொட்டி, மறுபடி ஆட்டி, கடைசியில் ஒரு சிட்டிகை மண்ணில் அரை கிராம் மஞ்சள். பெரும்பாலான நல்ல நாள்கள் இவ்வளவே. பல நாள்களில் இதுவும் இல்லை. ஓரிடத்தில் ஒரு துண்டு கிடைத்தால் அனுபவசாலி நகர மாட்டார்; ஒரே நாளத்திலிருந்து உதிர்ந்தவை அருகருகே கிடக்கும் என்பதால், அந்த இடத்தை நான்கு திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகத் தேடுவார்.

விக்டோரியாத் தங்கம் தூய்மையானது. பல கட்டிகள் 95 சதவீதத்துக்கு மேல். பெரிய கட்டி என்றால் உலோக விலைக்கு மேலேயும் கிடைக்கும். அப்படியே காட்சிக்கு வைக்க வாங்குவோர் உண்டு. ஆனால் பெட்ரோல், கருவி, செலவிட்ட நாள்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டால் பெரும்பாலோருக்கு இது நஷ்டம். பணத்துக்காக இதில் இறங்க நினைப்பவர் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம்.

இனி உரிமை. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1850-களின் தொடக்கத்தில் விக்டோரியாவில் தோண்டுகிற ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமம் வாங்க வேண்டும். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். போலீசார் குதிரையில் வந்து உரிமம் கேட்டு, இல்லாதவரைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். வாக்குரிமையும் கிடையாது. 1854-இல் பல்லராட்டில் தொழிலாளர்கள் உரிமத் தாள்களைக் கொளுத்தினார்கள். யுரேகா என்ற இடத்தில் மரக்கட்டைகளால் அரண் கட்டி நின்றார்கள். டிசம்பர் 3 அதிகாலையில் படை புகுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். பதின்மூன்று பேர்மீது அரசத் துரோக வழக்குப் போட்டார்கள்; ஒருவரைக்கூட நடுவர் குழு குற்றவாளி என்று சொல்லவில்லை. மறு ஆண்டே மாத உரிமம் ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டினால் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற உரிமைச் சீட்டு, அதோடு வாக்குரிமையும்.

அந்தச் சீட்டு இன்றும் அதே பெயரில் இருக்கிறது. சிறு தொகைக்கு பத்து ஆண்டுகள் செல்லும். மண்ணுக்கடியில் இருக்கும் கனிமம் சட்டப்படி அரசுடையது. சீட்டு வைத்திருப்பவர் விதிகளுக்கு உட்பட்டுக் கண்டெடுத்தால் அவருடையதாகிவிடும். வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் அளவில் கிடைத்தாலும் அப்படித்தான். பதிலுக்குக் கேட்பவை குறைவு, ஆனால் கண்டிப்பானவை. தோண்டக் கைக்கருவி மட்டும். எந்திரமோ வெடியோ கூடாது. தனியார் நிலத்தில் உடையவர் சம்மதம் வேண்டும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் அனுமதி இல்லை. சில பூங்காக்களில் குறித்த பகுதிகளில் மட்டும் உண்டு. பூர்வகுடி மக்களின் இடங்களையும் பொருள்களையும் தொடக்கூடாது. தோண்டிய குழியை மூடிவிட்டே நகர வேண்டும்.

கடைசி விதி அற்பமாகத் தோன்றலாம். அந்த நிலத்தைப் பார்த்தால் தோன்றாது. பொன் முக்கோணத்தின் பெரும்பகுதி ஜா ஜா வுரங் என்ற பூர்வகுடி மக்களின் நாடு. தங்க வேட்டைக்குப் பிறகு அதை அவர்கள் ‘தலைகீழாகிப்போன நாடு’ என்கிறார்கள். உருவகமாக அல்ல, அடிமண் மேலேயும் மேல்மண் அடியிலுமாக உண்மையிலேயே புரண்டு கிடக்கிறது. கிழங்கு தோண்டி உண்ட சமவெளிகள் போயின. மண்ணை அலசிய சேறு ஆறுகளின் வழியே இறங்கி வயல்களை மூடியது. பாறையை இடித்துத் தூளாக்கிய ஆலைகளின் கழிவு மணலில் ஆர்செனிக் இன்றும் இருக்கிறது. பெரிய மரங்கள் சுரங்கத்துக்கு முட்டாகவும் விறகாகவும் போயின. அந்தப் பகுதிக்கே உரிய யூகலிப்டஸ் காட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. 2002-இல் மிஞ்சியதில் ஒரு பகுதியைப் பூங்காக்களாக்கியபோது தங்கம் தேடுவோர் கடுமையாக எதிர்த்தார்கள். புதிய பூங்கா அறிவிப்பு வரும்போதெல்லாம் இன்றும் எதிர்க்கிறார்கள். கையளவு குழி காட்டை அழிக்காது என்பது அவர்கள் வாதம். ஒரு குழி அழிக்காது. ஆயிரம் பேர் ஆளுக்கு இருபது குழி தோண்டி, அதில் பத்தில் ஒருவர் மூடாமல் போனால் தரைவாழ் ஆர்க்கிட்டுகளும் சருகுக்குள் வாழும் உயிர்களும் தாங்காது. 2013-இல் ஜா ஜா வுரங் மக்களோடு மாநில அரசு உடன்படிக்கை செய்து, அந்த நாட்டின் பாரம்பரிய உரிமையாளர்களாக அவர்களை ஏற்றுக்கொண்டது. எங்கே தேடலாம் என்பதில் அவர்கள் சொல் முதலில் நிற்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

தங்கக் கட்டி தேடுவதையும் பழம்பொருள் தேடுவதையும் பலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். கருவி ஒன்றுதான், செயல் வேறு. கட்டியை மண்ணிலிருந்து எடுத்தால் வரலாறு எதுவும் அழியாது. ஒரு நாணயத்தை எடுத்தால், அது எந்த மண் அடுக்கில், எதனோடு கிடந்தது என்ற செய்தி அந்த நொடியிலேயே போய்விடும். இங்கிலாந்தில் 1992-இல் ஹாக்ஸ்னி கிராமத்தில் விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியோடு போனவருக்கு ரோமானியப் புதையல் தட்டுப்பட்டது. அவர் கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து பெட்டியின் மரச் சுவடு வரை பதிவுசெய்தபடி சுமார் 15,000 நாணயங்களை எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது, இரண்டும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே நாட்டில் 2015-இல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் வைக்கிங் காலப் புதையலைக் கண்ட இருவர் அதை மறைத்து விற்றார்கள். 2019-இல் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார்கள். அந்தப் புதையலில் மீண்டது சிறு பகுதியே. மற்ற நாணயங்கள் எந்த அரசரைப் பற்றி என்ன சொல்லியிருக்கும் என்பது அவற்றோடு போய்விட்டது.

விக்டோரியாவுக்கும் நீலகிரிக்கும் இடையே ஒரு பழைய நூல் ஓடுகிறது. விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலராக இருந்தவர், அந்தத் தங்க வயல்களைப் பற்றி 1869-இல் பெரிய நூல் எழுதியவர், ராபர்ட் பிரோ ஸ்மித். 1879-இல் இந்திய அரசு அவரை அழைத்து, கூடலூர், தேவாலா, பந்தலூர் உள்ளிட்ட வயநாட்டுப் பகுதியின் தங்கத்தை ஆராயச் சொன்னது. அங்கே பழங்குடி மக்கள் ஓடை மண்ணை அரித்துப் பொன் எடுத்தது முன்பே தெரிந்த செய்தி. ஸ்மித்தின் அறிக்கை நம்பிக்கையூட்டியது. லண்டனில் நிறுவனங்கள் அடுத்தடுத்து முளைத்துப் பங்கு விற்றன. பந்தலூரில் ஆலைகளும் பங்களாக்களும் எழுந்தன. பாறையில் தங்கம் இருந்தது, ஆனால் செலவைத் தாங்கும் அளவுக்கு இல்லை. சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. நிலம் தேயிலைக்குப் போனது. குடைந்த சுரங்கங்கள் காட்டுக்குள் அப்படியே நின்றுவிட்டன.

கருவி வாங்கி இங்கே தேடலாமா என்று கேட்பவருக்கு விடை சுருக்கமானது: கூடாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையேனும் மண்ணில் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், மறைப்பது குற்றம். கனிமத்தைத் தேடி எடுக்க 1957-இன் சுரங்கச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். அதில் வார இறுதித் தேடலாளருக்கென்று ஒரு பிரிவும் இல்லை. தொல்லியல் மேடுகளிலும் பாழடைந்த கோயில்களிலும் கருவியை இறக்குவது குற்றம் மட்டுமல்ல, பெரும் இழப்பு. கரூர் அமராவதிப் படுகையில் மணலோடு வெளிவந்த ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ என்று எழுத்துப் பொறித்த சேரர் காசுகள் சங்க கால வரலாற்றுக்கே வெளிச்சம் தந்தன. அவையும் மண்ணடுக்கோடு கிடைத்திருந்தால் இன்னும் எவ்வளவு சொல்லியிருக்கும் என்ற ஏக்கம் அந்தத் துறையில் தீரவே இல்லை.

தேவாலாப் பக்கத்தின் பழைய சுரங்கப் பொந்துகளுக்குள் இன்றும் ஆள்கள் இறங்குகிறார்கள். வார இறுதிப் பொழுதுபோக்காக அல்ல, அன்றாடக் கூலிக்காக. சீட்டு இல்லாமல், இரவில், முட்டுக் கொடுக்காத சுவர்களுக்கு இடையே. மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் இறந்தவர்கள் உண்டு. ஸ்மித் பணியாற்றிய விக்டோரியாவில் ஒருவர் சில டாலர் கட்டிச் சட்டைப்பைக்குள் உரிமையை வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாமல் தேடுகிறார். ஸ்மித் அறிக்கை எழுதிய மலையில், பெரிய நிறுவனத்துக்கான அனுமதிக்கும் திருட்டுக்கும் நடுவில் ஓர் ஏழை நிற்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.